இரண்டு குழாய், ஒரே காற்று

பள்ளி ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கும் கண்ணாடிச் சாமான்களில் ஹேர் கருவி அளவுக்குச் சாதுவான தோற்றம் கொண்டது வேறில்லை. மரத் தாங்கியில் செங்குத்தாக இரண்டு நீளமான குழாய்கள், உச்சியில் இரண்டையும் சேர்க்கும் டி வடிவ இணைப்பு, அதில் மாட்டிய ரப்பர் குழாய், அதை நெரித்து மூட ஒரு கவ்வி, கீழே இரண்டு பீக்கர்கள். அவ்வளவுதான். ஒரு பீக்கரில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் காற்றை உறிஞ்சிக் கவ்வியை இறுக்கினால் இரண்டு திரவங்களும் ஏறி நிற்கும். தண்ணீர் 40 செ.மீ. ஏறியிருந்தால் மண்ணெண்ணெய் ஏறக்குறைய 50 செ.மீ. ஏறியிருக்கும். 40ஐ 50ஆல் வகுத்தால் 0.8. மண்ணெண்ணெயின் ஒப்படர்த்தி கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஹேரின் (1781–1858) பெயரைத் தாங்கிய இந்தக் கருவியை இன்று எந்தத் தொழிற்சாலையும் சீண்டுவதில்லை. ஆனாலும், அளப்பது என்றால் என்ன என்பதை மாணவருக்குக் காட்ட இதற்கு ஈடான கருவி பள்ளியில் இல்லை என்பது என் கட்சி.

காரணம், இதைப் பயன்படுத்துபவருக்கு ஏறக்குறைய எதுவுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. எவ்வளவு காற்றை உறிஞ்சினோம்? தெரியாது. உள்ளே மிஞ்சிய காற்றின் அழுத்தம்? தெரியாது. அன்றைய வளிமண்டல அழுத்தமும் அந்த ஊரின் புவியீர்ப்பும்கூட வேண்டாம். சென்னையில் வரும் விடைதான் கொடைக்கானலிலும் வரும். வெளிக்காற்று இரண்டு பீக்கர்களையும் ஒரே மாதிரி அழுத்துகிறது, உள்காற்று இரண்டு குழாய்களுக்கும் பொது. ஆகவே இரண்டு திரவத் தூண்களும் ஈடுகட்டும் அழுத்தக் குறைவு ஒன்றே. உயரத்தையும் அடர்த்தியையும் பெருக்கினால் இரண்டு பக்கமும் சமம். தெரியாதவை எல்லாம் தாமாகவே அடிபட்டுப் போகின்றன.

இதற்கு யு குழாய் போதாதா என்று கேட்கலாம். யு குழாயில் இரண்டு திரவங்களும் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும். தண்ணீரும் எண்ணெயும் என்றால் சரி. தண்ணீரும் உப்புத் தண்ணீரும் என்றால் கலந்துவிடும். ஹேர் கருவியில் நடுவே நிற்பது காற்று, கலக்கும் பேச்சே இல்லை.

இன்னும் வலுவான ஆட்சேபம் நீரடர்த்திமானியின் பக்கமிருந்து வரும். மிதக்க விட்டால் போதும், நொடியில் அளவைப் படித்துவிடலாம்; பேட்டரி அமிலத்தைச் சோதிப்பவர் இரண்டு குழாய்களைத் தூக்கிக்கொண்டு அலைய மாட்டார். வேலைக்கு அதுதான் ஏற்றது, மறுக்கவில்லை. ஆனால் அதன் தண்டிலுள்ள கோடுகளை வேறு யாரோ, ஏதோ ஒரு வெப்பநிலைக்கென்று, முன்கூட்டியே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மாணவர் செய்வது அளத்தல் இல்லை, வாசித்தல். பால் சோதிக்கும் லாக்டோமீட்டரும் இந்த இனம்தான். கொழுப்பை எடுத்தால் பாலின் அடர்த்தி ஏறும், தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் கணக்காகச் செய்தவரின் பாலை அது நல்ல பால் என்றே சொல்லும். அடர்த்தியால் சொல்ல முடியாத இந்தச் சேதியை ஹேர் கருவியும் சொல்லாது. ஆனால் தான் காட்டுவது ஒரு விகிதம் மட்டுமே என்பதை அது மறைப்பதும் இல்லை.

துல்லியம் போதாது என்பது அடுத்த புகார். 6 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் நுண்புழை விளைவால் மட்டுமே தண்ணீர் ஏறத்தாழ 5 மி.மீ. ஏறும், மண்ணெண்ணெய் அதில் பாதிகூட ஏறாது. 40 செ.மீ. தூணில் 5 மி.மீ. என்பது ஒரு சதவீதத்துக்கும் மேல். இங்கேதான் கருவி சுவாரசியமாகிறது. கவ்வியைச் சற்றுத் தளர்த்திக் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு, வெவ்வேறு உயரங்களில் ஐந்தாறு முறை படித்து, ஒரு திரவத்தின் உயரத்துக்கு எதிராக மற்றதன் உயரத்தை வரைபடமாக்கினால் நேர்கோடு வரும். நுண்புழைப் பிழை எல்லா உயரத்திலும் ஒரே அளவு என்பதால் அது கோட்டை மேலோ கீழோ நகர்த்தும், சாய்வைத் தொடாது. சாய்விலிருந்து எடுக்கும் ஒப்படர்த்தியில் அந்தப் பிழைக்கு இடமில்லை. ஆனால் உயரத்தை பீக்கரிலுள்ள திரவ மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும்; குழாயின் நுனியிலிருந்து எடுப்பவர்களே அதிகம். குழாயில் ஏற ஏற பீக்கரில் மட்டம் இறங்கும், அதனால் அதையும் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும்.

வாயால் உறிஞ்சுவது ஆபத்து என்பது மட்டும் பதில் தேவையில்லாத, உடனே ஏற்க வேண்டிய ஆட்சேபம். ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை மாட்டினால் தீர்ந்தது. இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் இன்னும் இந்தச் செய்முறையைச் செய்கிறார்கள். அதைக் கணினித் திரையில் காட்டிவிடலாமே என்போரும் உண்டு. திரையில் வரும் ரப்பர் குழாய் கசிவதில்லை. நிஜக் குழாய் கசியும்: கவ்வி சரியாக இறுகாத அன்று இரண்டு தூண்களும் கண்ணெதிரே மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். பரிசோதனை கெட்டது என்று மாணவர் கைவிடப் பார்ப்பார். இருவர் சேர்ந்து ஒரே நொடியில் இரண்டு பக்கத்தையும் படித்தால், தண்ணீர் 40இல் இருந்தபோது 50இல் நின்ற மண்ணெண்ணெய், தண்ணீர் 32க்கு இறங்கும்போது சரியாக 40ஐத் தாண்டிக்கொண்டிருக்கும்.