உள்ளங்கையில் ஒரு பீர் லாரி!

என் மேஜை மேல் ஒரு பீர் லாரி நிற்கிறது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடி வராதீர்கள் சார், பொம்மை! உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்த்த சமாச்சாரம்.

இந்தத் தொழிலில் பெரிய கை, இங்கிலாந்தின் ஜாக் ஓடெல். தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டு வரலாம் என்று அவர் மகள் படித்த ஸ்கூலில் ரூல். அப்பா ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து தந்தார். அதிலிருந்து 1953-ல் பிறந்ததுதான் 'மேட்ச்பாக்ஸ்'! 1982-ல் அந்தக் கம்பெனி திவால். மனுஷர் அசரவில்லை. தன் பெயரின் ஆங்கில எழுத்துகளை அப்படியே திருப்பிப் போட்டு, 'லெடோ' என்று புதுசாக ஒன்று ஆரம்பித்துவிட்டார்.

அங்கேதான் சூட்சுமம். அச்சு ஒன்றுதான். அதே பழைய ஃபோர்டு வேன். ஒரு தடவை டீ விளம்பரம், அடுத்த தடவை பீர் விளம்பரம். பெயிண்ட் மாறினால் புது மாடல்! பார்த்தவனுக்குக் கை அரிக்காதா?

"வாங்கிப் போடுப்பா, பின்னால லட்சத்துக்குப் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1950-களின் வண்டிகளைப் பசங்க விளையாடியே உடைத்தார்கள். தப்பியவை கொஞ்சம், அதனால் கிராக்கி. 1980, 90-களின் பீர் லாரிகளையோ பெரியவர்கள் வாங்கி, அட்டைப்பெட்டியோடு பத்திரப்படுத்திவிட்டார்கள். ஊரெல்லாம் இருக்கிற பொருளுக்கு எவன் சார் கூடக் காசு கொடுப்பான்?

பிடித்திருந்தால் ஒன்று வாங்குங்கள். பெட்டியைப் பிரித்து மேஜையில் ஓட்டுங்கள். மேனேஜர் வருகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்!