பகுபதம் பிரிக்கத் தெரிந்தவருக்கு மருத்துவச் சொல் எளிது

பித்தப்பையை அறுவை செய்து எடுத்தவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கோலிசிஸ்டெக்டமி’ என்று எழுதியிருப்பார்கள். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் மாணவரை முதல் சில மாதங்கள் கலங்கடிப்பவை இந்த மாதிரிச் சொற்கள்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தபின், அந்தக் கலக்கத்தோடு வகுப்பில் உட்காருகிறவர்கள் அதிகம். பலர் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்கிறார்கள். அந்த உழைப்பு பெரும்பாலும் வீண்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கோலி என்றால் பித்தம். சிஸ்ட் என்றால் பை. எக்டமி என்றால் வெட்டி எடுத்தல். மூன்றும் கிரேக்கம். இனி டான்சிலெக்டமி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கோலி தெரிந்தவருக்குக் கொலஸ்ட்ராலும் பிடிபடும். அந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்ததே பித்தக்கற்களிலிருந்துதான். கல்லுக்குக் கிரேக்கத்தில் லித்தோஸ். சிறுநீரகக் கல்லுக்கு நெஃப்ரோலித்தியாசிஸ், அதை நொறுக்கும் சிகிச்சைக்கு லித்தோட்ரிப்சி, பூமியின் பாறை ஓட்டுக்கு லித்தோஸ்பியர். 1817-இல் ஒரு கனிமத்தில் கண்டறியப்பட்ட தனிமத்துக்கு லித்தியம் என்று பெயர் வைத்ததும் அது கல்லிலிருந்து கிடைத்ததால்தான். நம் செல்போன் பேட்டரி வரை அந்த வேர் ஓடுகிறது.

இப்படிப் பிரிக்கும் பயிற்சி தமிழ் மாணவருக்குப் புதிதல்ல. உண்டனன் என்ற சொல்லை உண் + ட் + அன் + அன் என்று பிரித்து, பகுதி, இடைநிலை, சாரியை, விகுதி என்று அடையாளம் சொல்லி மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள். மருத்துவச் சொல்லிலும் பகுதி உண்டு, விகுதி உண்டு. சாரியை போல நடுவில் வந்து இரண்டையும் இணைக்கும் ஓர் ‘ஓ’ ஒலியும் உண்டு. காஸ்ட்ர் என்றால் வயிறு. அதோடு ஸ்கோபி சேரும்போது இடையில் ‘ஓ’ தோன்றிக் காஸ்ட்ரோஸ்கோபி ஆகிறது. உயிரெழுத்தில் தொடங்கும் ‘ஐடிஸ்’ சேரும்போது அந்த ‘ஓ’ வருவதில்லை. காஸ்ட்ரைடிஸ் என்று நேராகப் புணர்கிறது. புணர்ச்சி விதி படித்த பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைக்கும் நெஃப்ரோ என்பது வீட்டில் புழங்கும் சொல் அல்ல. அங்கே பேச்சில் இருப்பது கிட்னி. கான்வென்ட் ஆங்கிலம் பேசத் தெரியாததால் இந்தச் சொற்கள் வராது என்று ஒரு மாணவர் குறுகிப்போவதற்குக் காரணமே இல்லை. இந்த இடத்தில் எல்லோருமே புதியவர்கள்.

ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் வருவது ஏன் என்ற குழப்பம் அடிக்கடி எழும். சிறுநீரகத் தமனி ரீனல் ஆர்ட்டரி; சிறுநீரக அழற்சி நெஃப்ரைடிஸ். உறுப்புகளின் பெயரில் லத்தீனும், நோய், அறுவைப் பெயர்களில் கிரேக்கமும் ஓங்கி நிற்பதே காரணம்.

கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. ஓடமி என்றால் வெட்டித் திறத்தல். ஆஸ்டமி என்றால் வாய் போலத் துளை அமைத்தல். எக்டமி என்றால் நீக்குதல். காதில் ஏறக்குறைய ஒன்றாக விழும் ஹைப்பரும் ஹைப்போவும் இன்னும் ஆபத்தானவை. ஹைப்பர்கிளைசீமியா இரத்தத்தில் சர்க்கரை மிகுவது, ஹைப்போகிளைசீமியா குறைவது. குறைந்தவருக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. வேர் சொல்லும் பொருளே உண்மை என்றும் நம்பிவிடக் கூடாது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்று பொருள். கொசுவின் உடலில் அந்த நோயின் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் 1897-இல் கண்டுவிட்டார்; பெயர் மட்டும் மாறவில்லை.

நூறு வேர்ச்சொற்களும் ஐம்பது முன்னொட்டு, பின்னொட்டுகளும் தெரிந்தால் முதலாண்டுப் புத்தகங்களில் பாதி அச்சம் போய்விடும். இதற்கு மருத்துவக் கல்லூரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிளஸ் ஒன் உயிரியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளை சேர்ந்து உட்கார்ந்து, பாடத்தில் வரும் பத்துச் சொற்களைக் கரும்பலகையில் பகுபதமாகப் பிரித்துக் காட்டலாம். செலவில்லாத வேலை இது. வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள், ஆசிரியர்களே.