ஒயில்: ஆண் உடலின் மறந்துபோன பெயர்

தைப்பொங்கலன்று அவனியாபுரத்தின் பெயர் தொலைக்காட்சி முழுக்க அடிபடும். வாடிவாசல், திமில், அதைக் கட்டிப்பிடித்துத் தொங்கும் இளவட்டம். மதுரை வட்டாரத்து ஆண் என்றால் இந்த ஒரு படிமம்தான் என்றாகிவிட்டது. இதே வட்டாரத்து ஆண்கள் தலையில் உருமால் கட்டி, காலில் சலங்கை பூட்டி, கையில் வண்ணத்துணி பிடித்து வரிசையாக ஆடியும் வந்திருக்கிறார்கள். அதன் பெயர் ஒயிலாட்டம். ஒயில் என்றால் அழகு, ஒய்யாரம். ஆண்களே ஆடிவந்த ஓர் ஆட்டத்துக்கு வீரத்தின் பெயர் அமையாமல் ஒய்யாரத்தின் பெயர் எப்படி அமைந்தது? இந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொள்வதில்லை.

'தோற்றம்' பற்றிய மோகமே இதற்குக் காரணம். "ஆம்பளைங்க ஆட்டம்னா அந்தக் காலத்துப் படைக்காரங்க ஆடுனதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். இதற்கு ஆதாரம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஆண் என்ற சொல்லே ஆதாரமாகிவிடுகிறது.

ஆட்டத்துக்கும் படைக்கும் உண்மையிலேயே தொடர்பிருந்த இடம் ஹங்கேரி. அங்குள்ள வெர்புங்க் என்ற ஆண்கள் ஆட்டத்தின் பெயர், ஆள்சேர்ப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் படைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள், ஜிப்சி வாத்தியக்காரர்களை வாசிக்கவிட்டு ஊருக்குள் ஆடினார்கள். மயங்கிய இளவட்டங்கள் படைக்குப் போனார்கள். ஆனால் பூட்ஸைக் கையால் தட்டுவது, குதிகாலை மோதுவது, துள்ளுவது ஆகிய அசைவுகளுக்கு வேர் ஊர் ஆண்களின் பழைய ஆட்டங்களில் இருந்தது. கிராமத்து அழகைப் படை கடன் வாங்கியது. 1868இல் கட்டாயப் படைச்சேவை வந்தபின் ஆள்பிடிப்பு ஆட்டத்துக்கு வேலையில்லை. ஆட்டம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. ஆக, ஹங்கேரியிலேயே 'போரிலிருந்து ஆட்டம்' என்ற சூத்திரம் தலைகீழாகிறது.

ஒயிலுக்கு வருவோம். வாத்தியார் பாட்டெடுப்பார், ஆடுவோர் வாங்கிப் பாடுவார்கள். ராமாயணமாக இருக்கலாம், முருகன் வள்ளி கதையாக இருக்கலாம். மெதுவாகத் தொடங்கும் அடி, போகப்போக வேகமெடுக்கும். வெர்புங்கில் தனி ஆள் தன் வித்தையைக் காட்டுவான். ஒயிலில் தனி ஆள் துருத்திக்கொண்டு தெரிந்தால் ஆட்டம் கெட்டது. எல்லாக் கைத்துணியும் ஒரே வீச்சில் எழுந்து ஒரே வீச்சில் மடங்க வேண்டும். அந்தக்காலச் சல்லிக்கட்டிலும் ஒரு துணி இருந்தது. காசு முடிந்து மாட்டுக் கொம்பில் கட்டிய அந்தத் துணியை அவிழ்த்தவன் ஒருவன்தான், மற்றவர்கள் தோற்றவர்கள். ஒயிலின் துணியில் வென்றவனும் இல்லை, தோற்றவனும் இல்லை.

ராஜகம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்திலும் கையில் துணி உண்டு. பாட்டில்லாமல் உறுமியின் ஓசைக்கே அதை ஆடுகிறார்கள். 1799இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் சமூகம் என்பதால் அதன்மேல் பாளையக்காரப் பெருமை எளிதில் படிந்துவிடுகிறது. ஆனால் கல்யாணமும் கோயில் விழாவும்தான் அதன் களம்.

இன்று பெண்களும் ஒயில் ஆடுகிறார்கள். "ஆம்பளை ஆட்டத்தப் பொம்பளைங்க ஆடுறதா?" என்ற முணுமுணுப்பு எழும்போது, அதற்குப் பலம் கொடுப்பது இந்தப் போர்க்கதைதான். சாதிப் பெருமையும் அதே கதையில்தான் சாய்ந்து நிற்கிறது. இதில் நஷ்டம் பெண்களுக்கு மட்டுமில்லை. சலங்கை கட்டி, ஊர் பார்க்க ஒய்யாரமாக நிற்பதற்கு மதுரைக்கார ஆணுக்கு இருந்த உரிமையும் சேர்ந்தே போகிறது. யாரையும் ஜெயிக்காமல் ஓர் ஆண் அழகாக இருக்கலாம் என்று அவன் பாட்டன் ஆடிக்காட்டியிருக்கிறான்.