பலூன் சுடும் கடை: லைசென்ஸ் வேண்டாம், பில் வேண்டும்

கரிசல் காட்டில் உளுந்தும் பருத்தியும் வீடு வந்து சேர்ந்துவிட்டால் அடுத்தது கோயில் கொடைதான். பங்குனியில் கழுகுமலையும் கோவில்பட்டியும் தொடங்கிவைக்க, ஆடி முடியும்வரை மணியாச்சி, ஓட்டப்பிடாரம், கடம்பூர் வட்டாரத்தில் ஊர் மாற்றி ஊர் திருவிழா நடக்கும். ராட்டினத்துக்கும் சேவுக்கடைக்கும் நடுவில், பலகை நிறையப் பலூன் கட்டி, இரண்டு ஏர் கன்னோடு ஒருவர் கடை போட்டிருப்பார். மற்றக் கடைக்காரர்களுக்கு இல்லாத சிக்கல் இவருக்கு உண்டு. இவர் பிழைப்புக்கு வைத்திருப்பது துப்பாக்கி. அதற்கான சட்டம் தெரியாததால், பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து காசு இழக்கிறார். பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்.

“லைசென்ஸ் எங்கே?” என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வெடிமருந்தால் மட்டுமல்ல, வேறு எந்த விசையால் குண்டு பாய்ந்தாலும் அதைச் சுடுகருவி என்றே சொல்கிறது. ஸ்பிரிங்கும் காற்றும் அதில் அடங்கும். ஆனால் 2016-இல் வந்த ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்தை, அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும், குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால் அந்த ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

பலூன் கடைத் துப்பாக்கிகள் பொதுவாக இந்த வரம்புக்குள் வருபவைதான். அதை நிரூபிப்பதுதான் பாடு. கைமாற்றாக வாங்கிய துப்பாக்கிக்குப் பில் இருக்காது, மாடல் எண் தேய்ந்திருக்கும். அடி பலமாக விழட்டும் என்று பட்டறையில் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால், அதன் ஆற்றல் எவ்வளவு என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆகவே பில்லோடு வாங்குங்கள். விட்டமும் ஜூல் அளவும் அச்சிட்ட தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடையிலேயே வையுங்கள். ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி என்பதற்காக வழியில் மயிலையோ மானையோ குறிபார்க்கவும் அனுமதி கிடையாது. பக்கத்திலேயே வல்லநாடு வெளிமான் சரணாலயம் இருக்கிறது. மயிலைக் கொன்றால் வனவிலங்குச் சட்டப்படி 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

சில திருவிழாக்களில் கூடுதல் கவனம் வேண்டும். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலய விழாவையொட்டி மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுவது வழக்கம். முன்பு 144 என்று சொன்னது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு இருக்கும் நாளில் ‘இது பலூன் துப்பாக்கிதான்’ என்ற வாதம் எடுபடாமல் போகலாம். முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு போவதே நல்லது. வாஞ்சி மணியாச்சி சந்திப்பில் தூத்துக்குடி வண்டிக்கு மாறும்போதும் துப்பாக்கியைக் குண்டில்லாமல் உறைக்குள் வைத்திருங்கள். பில் கையில் இருக்கட்டும்.

துப்பாக்கியைக் காவல்துறை கைப்பற்றினால் கெஞ்சவும் வேண்டாம், பணம் கொடுக்கவும் வேண்டாம். கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, அதை வீடியோவாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. நீதித்துறை நடுவருக்கும் தெரிவித்தாக வேண்டும். பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து நடுவர் நீதிமன்றத்தில் மனு போட்டுப் பொருளைத் திரும்பக் கேட்கலாம். கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் தேவைக்கு மேல் முடக்கி வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இட விஷயத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் சரக்கு விற்பவர்களோடு பொதுமக்களுக்குச் சேவை தருபவர்களையும் வியாபாரிகளாக ஏற்கிறது. கோவில்பட்டி நகராட்சியிலோ தூத்துக்குடி மாநகராட்சியிலோ பதிவுசெய்து சான்று வாங்கலாம். பலகை, மேசை போன்ற சாமான்களை உள்ளாட்சி ஊழியர்கள் எடுத்துப்போனால் பட்டியல் தர வேண்டும். நீங்கள் கோரிய 2 வேலை நாள்களுக்குள் விடுவிக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கானது. மணியாச்சி போன்ற கிராம ஊராட்சியில் அந்தச் சான்று செல்லாது. அங்கே தரைவாடகைக்கு ரசீதுதான் துணை. வாடகை வசூலை ஏலம் எடுத்தவர் ரசீது தராமல் கூடுதலாகக் கேட்டால், கோயில் இடம் என்றால் செயல் அலுவலரிடமும், ஊராட்சி இடம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது கண்தான். 4.5 மில்லிமீட்டர் குண்டு தோலில் பட்டால் சிராய்ப்போடு போகலாம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பலகையில் பட்டுத் திரும்பி வரும் குண்டுக்கு, சுட்டவரும் வேடிக்கை பார்க்கும் பிள்ளையும் ஒன்றுதான். இரும்புக் குண்டு ஈயக் குண்டைவிட அதிகமாகத் துள்ளும். அதனால் பலகைக்குப் பின்னால் தகரம் வேண்டாம். தடித்த சாக்கையோ பழைய ஜமுக்காளத்தையோ தளர்வாகத் தொங்கவிட்டால் குண்டின் வேகம் அதிலேயே அடங்கிவிடும். இரண்டு பக்கமும் படுதா கட்டுங்கள். குழல் பக்கவாட்டில் திரும்ப முடியாதபடி துப்பாக்கியை மேசையோடு சங்கிலியில் பிணையுங்கள். குண்டை நீங்கள்தான் போட வேண்டும், வாடிக்கையாளர் அல்ல. பலூன் மாற்றப் போகுமுன் எல்லாத் துப்பாக்கியும் காலியா என்று பாருங்கள். பலூன் கட்டச் சின்னப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது. குடித்துவிட்டு வருபவர் நூறு ரூபாயை நீட்டினாலும் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். ஈயக் குண்டை வாயில் அடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விடுங்கள், அது உடம்பில் ஏறும் நஞ்சு. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மீறி யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் தேய்க்க விடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாதீர்கள், குண்டைப் பிடுங்காதீர்கள். காகித டீ கப்பைக் கண் மேல் அழுத்தாமல் கவிழ்த்து, விளிம்பை நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டி, 108-ஐ அழையுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. குண்டு ஈயமா, இரும்பா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்பு உள்ளே இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பது ஆபத்து.

ஒரு கண் பார்வை நிரந்தரமாகப் போனாலே அது கொடுங்காயம். அசட்டையால் அது நேர்ந்தது என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவின்படி கடைக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். காயம்பட்டவர் குடும்பம் இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கடைக்காரர் தன் கண்ணுக்காக, வங்கிக் கணக்கு வழியே ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். ஒரு கண் போனால் 1 லட்சம், இரண்டும் போனால் 2 லட்சம் கிடைக்கும்.

கைதானாலும், பொருள் முடங்கினாலும், இழப்பீடு கேட்பதானாலும் வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று ஒதுங்க வேண்டாம். 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லை; 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்த நரிக்குறவர் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஆணைக்குழுவுக்குப் போகும்போது பில், தரைவாடகை ரசீது, கைப்பற்றல் பட்டியல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.