மண்வெட்டியால் செதுக்கிய பள்ளிக்கூடம்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கடிதம் எழுதியிருக்கிறார். மகள் ஐந்து வருடம் பி.ஆர்க். படித்து முடித்துவிட்டாள். சென்னையில் வேலைக்குப் போவாள் என்று வீட்டில் எல்லோரும் காத்திருக்க, அவளோ கிராமத்தில் மண்ணால் கட்டடம் கட்டப்போகிறேன் என்கிறாளாம். “மண் வீட்டில்தான் நான் பிறந்தேன். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் சுவரைப் பூசிப் பூசியே எங்கள் அம்மாவின் இடுப்பு போயிற்று. அதைவிட்டு வெளியே வரத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். திரும்பவும் அதற்கே போகிறேன் என்றால் எப்படி?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. அந்த இடுப்பு வலியை மறைத்துவிட்டு மண் வீட்டைப் புகழ்கிறவர்கள் மீது எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த வலிக்குக் காரணம் மண்தானா என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு நான் பல காலமாக வியந்து பார்க்கும் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதுவும் கட்டடக்கலை படித்த ஒரு பெண் பட்டத்துக்காக வரைந்த கட்டடம்தான்.

வங்கதேசத்தின் வடமேற்கே தினாஜ்பூர் மாவட்டத்தில் ருத்ராபூர் என்றொரு கிராமம். வயல், மூங்கில், குளம், மண் வீடுகள். அங்கே தீப்ஷிகா என்ற தொண்டு நிறுவனம் கல்விப் பணி செய்து வருகிறது. ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த அன்னா ஹெரிங்கர் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, 1997-ல், இந்த நிறுவனத்துக்குத் தன்னார்வலராக வந்து கிட்டத்தட்ட ஓராண்டு தங்கினார். கட்டடம் கட்ட அவர் வரவில்லை. அப்போது அவர் கட்டடக்கலை படிக்கவும் தொடங்கவில்லை. வெளியிலிருந்து வரும் பணத்தையும் பொருளையும் நம்பி நிற்பதைவிட, கையில் இருப்பதை எடுத்து ஊர் தானே எழுவதுதான் நிலைக்கும் என்ற பாடத்தை அந்த ஓராண்டில் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிறகு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கட்டடக்கலை படித்தார். 2004-ல் பட்டத்துக்கான திட்டமாக, அதே ருத்ராபூருக்கு ஒரு பள்ளிக்கூடத்தை வரைந்தார். அடுத்த ஆண்டே, பெர்லினைச் சேர்ந்த ஐக்கே ரோஸ்வாக் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து அதைக் கட்டினார். செப்டம்பரில் தொடங்கிய வேலை டிசம்பரில் முடிந்தது. மெட்டி பள்ளி என்று அழைக்கப்படும் அந்தக் கட்டடத்துக்கு 2007-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

விருதைவிட, வரைவதற்கு முன் அவர்கள் எதைக் கவனித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ருத்ராபூரின் மண் வீடுகள் சராசரியாகப் பத்தாண்டுதான் நிற்கும். ஏன்? சுவரைத் தரையிலிருந்தே நேராக எழுப்பிவிடுவார்கள். கடைக்கால் கிடையாது. நிலத்து ஈரம் நூலிழை போன்ற நுண்துளைகள் வழியே மேலேறிச் சுவரின் காலை நனைக்கும். ஈரம் ஏறிய மண் தன் பலத்தை இழக்கும். மேலே கூரை எவ்வளவு நன்றாக வேய்ந்திருந்தாலும், சுவர் அடியிலிருந்து சரியும். ஆக, அந்த வீடுகளில் மண் பழுதாக இருக்கவில்லை. மண் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு அவர்கள் செய்த மாற்றம் சிறியது. அரை மீட்டர் ஆழத்துக்கு வானம் தோண்டிச் செங்கல்லால் கடைக்கால் கட்டினார்கள். அதன்மேல், சந்தையில் கிடைக்கும் பாலித்தீன் தாளை இரண்டு மடிப்பாக விரித்தார்கள். சுவர் அதற்கு மேல்தான் தொடங்கியது. கீழிருந்து ஏறும் ஈரம் அந்தத் தாளோடு நின்றுவிடும். மேலே தகரக் கூரையை நன்றாக வெளியே நீட்டி இறவாணத் தண்ணீர் சுவரில் அடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இதைச் செய்ய ஐரோப்பாவிலிருந்து எந்த இயந்திரமும் வர வேண்டியிருக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு மண் தெரிந்திருந்தது, மூங்கில் தெரிந்திருந்தது; விட்டுப்போன ஒன்றைப் படித்தவர்கள் சேர்த்தார்கள். படிப்புக்கு இதைவிட நல்ல பயன் வேறென்ன இருக்கிறது!

இனி அந்தச் சுவரைப் பற்றி. எனக்கு ஆகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விடுங்கள்.

மண்ணையும் தண்ணீரையும் நெல் வைக்கோலையும் கொட்டி, அதில் மாடுகளையும் எருமைகளையும் இறக்கி மிதிக்க விட்டார்கள். மாட்டின் எடை முழுவதும் சிறிய குளம்பு வழியே இறங்குவதால் அந்த அழுத்தம் மண்கட்டியை உடைத்து, வைக்கோலை உள்ளே தள்ளி, களியையும் மணலையும் ஒன்றாக்கிவிடும். எஞ்சின் தேவையில்லை, டீசல் தேவையில்லை. குழைந்த மண்ணைக் கையால் அள்ளி, கடைக்காலின் மேல் சுமார் 65 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு படை வைத்தார்கள். இரு பக்கமும் பலகை கட்டுவதில்லை. மண் தன்னிஷ்டப்படி பக்கவாட்டில் பிதுங்கும், வைக்கோல் துருத்திக்கொண்டு நிற்கும். பார்ப்பதற்குச் சுவர் என்றே சொல்ல முடியாது. அதை அப்படியே சில நாள் விட்டுவிடுவார்கள்.

பிறகுதான் அந்த அற்புதம். கூர்மையான மண்வெட்டியை எடுத்து, பிதுங்கிய பகுதிகளை மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் சீவி எடுப்பார்கள். தேவைக்கு மேல் தடிமனாக வைத்துவிட்டு, வேண்டாததை வெட்டித் தள்ளிச் சுவரை உள்ளிருந்து வெளியே எடுக்கிறார்கள். இங்கே கொத்தனாரும் சிற்பியும் ஒருவரே. இதற்குச் சரியான நேரம் ஒன்று உண்டு. ஈரமாக இருந்தால் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். நன்றாகக் காய்ந்துவிட்டால் பொருக்குப் பொருக்காக உதிரும். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரல் உள்ளே போகக் கூடாது. அந்தப் பதத்தில் வெட்டினால் வைக்கோலும் மண்ணும் ஒரே வீச்சில் அறுந்து, வழுவழுப்பான முகம் கிடைக்கும். வெட்டி விழுந்த மண் வீணாவதில்லை, மறுபடி தண்ணீர் விட்டால் அடுத்த படைக்கு ஆயிற்று. சீவிய சுவரை இன்னும் ஒரு வாரம் காயவிட்டு, பிறகுதான் அதன் தலையில் அடுத்த படை.

ஏன் இந்தக் காத்திருப்பு? என் பாட்டி மண் அடுப்பு போடும்போதும் இதையேதான் செய்வார். களிமண்ணில் உமியைக் கலந்து மிதித்து, முதலில் அடிப்பகுதியை வைத்துவிட்டுப் போய்விடுவார். எங்களை அதைத் தொட விடமாட்டார். அது தன் காலில் நிற்கும் அளவுக்கு இறுகிய பிறகுதான் மேலே குமிழ் வைப்பார். அவசரப்பட்டால் மேல்பாரம் கீழே இருக்கிற ஈர மண்ணை நசுக்கி, அடுப்பு இடுப்பில் உடைந்துபோகும். அவர் கலந்த உமிக்கும் ருத்ராபூரின் வைக்கோலுக்கும் வேலை ஒன்றே. களிமண் காயும்போது சுருங்கும். அதன் துகள்கள் மிக மெல்லிய தகடுகள். இடையே இருக்கும் நீர் வெளியேற வெளியேற அவை நெருங்கி வருகின்றன. சுருக்கம் ஓரிடத்தில் குவிந்தால் பெரிய வெடிப்பாகும். நார் குறுக்கே கிடந்தால் இழுவிசையைத் தாங்கிப் பிரித்துக் கொடுக்கும். ஒரு பெரிய வெடிப்புக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்கள் விழும். அவற்றால் சுவருக்குக் கேடில்லை.

இப்படி எழுந்த தடித்த சுவர்களுக்குள் கீழ்த்தளத்தில் மூன்று வகுப்பறைகள். ஒவ்வொன்றின் பின்சுவரிலும் ஒரு திறப்பு இருக்கிறது. அதற்குள் புகுந்தால் மண்ணால் ஆன சிறு குகைகள். மூலையில்லாத, வளைந்து நெளிந்த இடங்கள். ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்து படிக்கலாம், இரண்டு பேர் ரகசியம் பேசலாம், அழுகை வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம். அரசாங்கப் பள்ளியோ தனியார் பள்ளியோ, குழந்தை தனியாக இருக்க விரும்பும் என்று நினைத்து ஓர் இடத்தை ஒதுக்கிய கட்டடத்தை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பலகை கட்டி வார்க்கும் கான்கிரீட்டில் இந்த வளைவுகளைச் செய்யப் பெரிய செலவு ஆகும். கையால் வைக்கும் மண்ணுக்கு வளைவும் ஒன்றுதான், நேர்க்கோடும் ஒன்றுதான்.

மேல்தளம் முழுக்க மூங்கில். கீழ்த்தளத்தின் கூரையில் மூங்கில் கழிகளை மூன்று அடுக்காகப் பரப்பி, நடு அடுக்கை மட்டும் குறுக்காகப் போட்டிருக்கிறார்கள். மூங்கிலுக்கு நீளவாக்கில் பலம் அதிகம், பிளவுதான் அதன் பலவீனம். ஆணி அடித்தால் பிளந்துவிடும். அதனால் இணைப்புகளில் எஃகு முளை செருகி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மேலே கூரைக்கடியில் வண்ணப் புடவைத் துணிகளை விதானமாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஏன் இரண்டு மாடி? இதில்தான் அந்த நிலத்தைப் பற்றிய அக்கறை தெரிகிறது. மக்கள் நெருக்கம் மிகுந்த வங்கதேசத்தில் வீடுகள் பரவப் பரவ வயல் குறைகிறது. மண்ணிலேயே மாடி எழுப்ப முடியும் என்று காட்டினால் அவ்வளவு விளைநிலம் மிஞ்சும். அதற்காகவே பிறகு டாக்காவின் பிராக் பல்கலைக்கழக மாணவர்களும் லின்ஸ் மாணவர்களும் ருத்ராபூருக்கு வந்து, இதே முறையில் இரண்டு மாடி வீடுகளை ஊர்க்காரர்களோடு சேர்ந்து கட்டிப் பார்த்தார்கள்.

வயலைப் பற்றிப் பேசும்போது செங்கல்லைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செங்கல் சூளைக்குப் போவதும் மண்தான். பெரும்பாலும் பயிர் விளையும் மேல்மண். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வளத்தைச் சுரண்டி எடுத்து, நிலக்கரியும் விறகும் போட்டு எரித்துக் கல்லாக்குகிறோம். அதை அடுக்கச் சிமெண்ட் வேறு; உலகம் காற்றில் விடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது. சுடாத மண்சுவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. என்றைக்காவது இடித்தால் நனைத்துக் குழைத்து இன்னொரு சுவர் வைக்கலாம், அல்லது நிலத்திலேயே விட்டுவிடலாம். சிமெண்ட் கலந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். எல்லா இடத்திலும் சிமெண்ட்டை ஒதுக்க முடியாது, கடைக்காலில் அது தேவைதான். ஆனால் தேவையில்லாத இடத்திலும் பழக்கத்தால் கொட்டுகிறோம். இன்னொரு வேதனை: நெடுஞ்சாலை ஓரத்து விடுதிகளில் கான்கிரீட் சுவருக்கு மேல் செம்மண் நிறச் சாந்தைப் பூசி இயற்கைக் குடில் என்று பெயர் வைக்கிறார்கள். அதே வட்டாரத்தில் உண்மையான மண்சுவர் வைக்கத் தெரிந்த பெரியவர்கள் வேலையின்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அரசின் கணக்கெடுப்பிலும் மண்சுவர் நிரந்தரமற்ற பொருள் என்ற கட்டத்துக்குள்தான் விழுகிறது. எப்படிக் கட்டியது என்று யாரும் கேட்பதில்லை.

ருத்ராபூரில் பள்ளி கட்டும் செலவில் பெரும்பங்கு உள்ளூர்க் கைகளுக்கே போனது. வேலை செய்தவர்கள் அந்தப் பக்கத்துக் கைவினைஞர்கள், மண் அந்தப் பக்கத்து மண், மூங்கில் அந்தப் பக்கத்துத் தோப்பு. இதேபோல், ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில் பிரான்சிஸ் கெரே, பெர்லினில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே தன் ஊருக்கு ஒரு பள்ளி கட்டினார். 2001-ல் அது முடிந்தது. அங்கும் ஊரே சேர்ந்துதான் மண் சுமந்தது. கெரே 2022-ல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். அவர் ஊர்க்காரர், ஹெரிங்கர் வெளியூர்க்காரர். ஆனாலும் இருவரும் பென்சிலைத் தொடும் முன் ஊரை நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஹெரிங்கர் ஒரு விருதோடு ஊரை விட்டுப் போய்விடவில்லை. 2020-ல் அதே ருத்ராபூரில் ஆனந்தாலோய் என்ற கட்டடம் முடிந்தது. கீழே மாற்றுத்திறனாளிகளுக்கான சிகிச்சை மையம், மேலே கிராமத்துப் பெண்கள் துணி தைக்கும் பணிக்கூடம். தரையிலிருந்து மாடிக்கு ஒரு பெரிய சாய்தளம் கட்டடத்தைச் சுற்றி ஏறுகிறது. அதற்கடியிலும் குழந்தைகள் புகுந்து விளையாடக் குகைகள். அந்தச் சாய்தளம்தான் கட்டடத்தின் முகமே. சக்கர நாற்காலிக்கான வழியை இங்கே பின்வாசலில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறோம். அவர்கள் அதைத் தலைவாசலாக்கியிருக்கிறார்கள். இந்த முறை கட்டுமானத்தை முன்னின்று நடத்தியது ஓர் உள்ளூர் ஒப்பந்தக்காரரின் குழு. மாற்றுத்திறனாளிகளும் அதில் சேர்ந்து வேலை செய்தார்கள். கட்டடக்கலைக்கான அந்த ஆண்டின் ஓபெல் விருது இந்தக் கட்டடத்துக்குக் கிடைத்தது.

அம்மா, உங்கள் தாயாரின் இடுப்பை ஒடித்தது காலில் ஈரம் ஏறிய சுவர். உங்கள் மகள் அதைத் தடுக்கக் கற்றுக்கொண்டு போனால், அது பின்னோக்கிப் போவதாகாது. முதலில் கையில் மண் பட வேலை பழகட்டும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தில் பயிற்சி தருகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல்லால் கட்டுகிறவர்கள், வழி வேறு. ஆனால் எந்த மண் எதற்கு ஆகும் என்று சோதித்துப் பார்க்க அங்கே கற்றுக்கொள்ளலாம். படை வைக்கவும் பதம் பார்க்கவும் ஊர்ப் பெரியவர்களிடம் கற்கட்டும்.

ஒன்றை மட்டும் அவளிடம் மறக்காமல் சொல்லுங்கள். ருத்ராபூரின் மாதக் கணக்கை அப்படியே எடுத்து இங்கே வைக்கக் கூடாது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கே மழை ஓய்ந்து வறட்சி பிறக்கும் காலம். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. இங்கே தை பிறந்ததும் வானம் தோண்ட வேண்டும். மாசி, பங்குனியில் படைகளை எழுப்ப வேண்டும். சித்திரை வெயில் வெளித்தோலை அவசரமாகக் காயவைத்து வெடிக்கச் செய்யும். அதனால் ஓலை சாத்தியோ ஈரச் சாக்கு போர்த்தியோ மெதுவாகக் காயவிட வேண்டும். ஆடி பிறப்பதற்குள் கூரை ஏறிவிட வேண்டும்.