மதுரையைவிட அருகில் யாழ்ப்பாணம்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். வான்வழியில் அளந்தால், மதுரையைவிட யாழ்ப்பாணமே சென்னைக்கு அருகில் இருக்கிறது. ஆனாலும், பல பத்தாண்டுகளாக அது மிகத் தொலைவான ஊராகவே இருந்தது.

தூரத்தின் கணக்கு எளிது. மீனம்பாக்கமும் பலாலியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்தவை. முன்னது 13 பாகை வட அட்சரேகையை ஒட்டியும், பின்னது 9.8 பாகையிலும் உள்ளன. ஓர் அட்சரேகைப் பாகை சுமார் 111 கி.மீ. என்பதால், இடைப்பட்ட 3.2 பாகைக்கு 355 கி.மீ. கிடைக்கிறது.

நேரத்தின் கணக்கு அவ்வளவு எளிதன்று. இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 வகைச் சுழல்விசிறி விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் செல்லக்கூடியது. வெறும் வகுத்தல் கணக்கின்படி முக்கால் மணி நேரம்கூட ஆகக் கூடாது. ஆனால், பயண நேரம் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டியே அமைகிறது. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதையை அடைந்து, மேலேறி, பின்னர் இறங்கி நிற்கும் வரையிலான அனைத்தும் பயண நேரமே. தடம் குறுகக் குறுக, இவற்றின் பங்கு கூடுகிறது. சுமார் 645 கி.மீ. தொலைவிலுள்ள கொழும்புக்கும் ஜெட் விமானத்தில் ஏறத்தாழ இதே நேரம்தான் ஆகிறது. பலாலியில் பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை குறுகிய நீளமுடையது. அதனால்தான் அங்கே சிறிய விமானங்கள் இயக்கப்படுகின்றன.

இவை இயற்பியலும் பொறியியலும் தரும் விளக்கங்கள். வரலாறு தரும் விளக்கம் வேறு. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனம் தன் சேவையைத் தொடங்கியபோது, அதன் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது, பலாலி படைத்தளமாயிற்று, சென்னைத் தொடர்பு அறுந்தது. அதன்பின் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் கொழும்புக்குப் பறந்து, பேருந்திலோ ரயிலிலோ மீண்டும் வடக்கே திரும்ப வேண்டியிருந்தது. 355 கி.மீ. தூரம் ஏறத்தாழ 1,000 கி.மீ. ஆனது.

போர் 2009இல் முடிந்தது. எனினும், பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட 2019 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதமே தொடங்கிய சென்னைச் சேவை, 2020இல் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது. கடல்வழியில், நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது.

உறவினரின் திருமணத்துக்கோ இறுதிச் சடங்குக்கோ செல்பவருக்கும், சென்னை மருத்துவமனையை நாடி வரும் நோயாளிக்கும், பயண நேரம் கால் மணி குறைவதைவிட, சேவை நாளையும் இருக்கும் என்ற உறுதியே முக்கியம். பெரிய விமானங்கள் வந்தால் இருக்கைகள் பெருகும், கட்டணமும் குறையக்கூடும். அதற்கு ஓடுபாதை நீள வேண்டும். ஆனால், பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு நிலங்கள், 1990இல் இடம்பெயர்க்கப்பட்ட மக்களுடையவை. அவர்களில் ஒரு பகுதியினர் இன்னமும் தம் காணிகளுக்குத் திரும்பவில்லை. அவர்களது இசைவும் உரிய இழப்பீடும் இல்லாத விரிவாக்கம், ஒரு தொலைவைக் குறைக்க மற்றொரு தொலைவை நீட்டுவதாகவே முடியும்.

இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தைப் புவியியல் ஒருமுறை வகுத்துவிட்டது. நேரத்தை வகுப்பவை அரசுகளின் முடிவுகளே. சென்னையும் கொழும்பும் டெல்லியும் இதை உணர்ந்து செயல்பட்டால், யாழ்ப்பாணம் வரைபடத்தில் இருப்பதைப் போலவே வாழ்விலும் அருகில் இருக்கும்.