ஆறு ஆட்டங்களின் சாட்சியம்

சதுரங்கத்தில் மனிதனை யந்திரம் வென்றுவிட்டது என்ற செய்தி, 1997-ஆம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி நியூயார்க் நகரிலிருந்து கிளம்பி உலகமெங்கும் பரவியது. தோற்றவர் சாமான்யரல்லர், 1985 முதல் சதுரங்க உலகின் சிகரத்தில் வீற்றிருந்த ருஷ்ய தேசத்துக் காரி காஸ்பரோவ். வென்றது ஐ.பி.எம். கம்பெனியார் நிர்மாணித்த 'டீப் ப்ளூ' என்னும் யந்திரம். வினாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் வல்லமை படைத்தது அது. மனித புத்தியின் காலம் முடிந்தது என்றே பலர் தீர்மானித்துவிட்டார்கள்.

யந்திரம் வென்றது வாஸ்தவம். ஆனால் அதன் பலம் இவ்வளவு என்று அளந்து சொல்ல நம் கையில் இருக்கும் சாட்சியம் என்ன? முந்திய வருஷம் பிலடெல்பியாவில் 4-2 என்று காஸ்பரோவிடம் தோற்றபின் திருத்தி அமைக்கப்பட்ட அந்த யந்திரம், ஜனங்கள் அறிய ஆடியவை ஆறே ஆட்டங்கள். யந்திரத்துக்கு வெற்றி இரண்டு, காஸ்பரோவுக்கு ஒன்று, சமன் மூன்று. அதாவது, 3½-2½.

ஆறு போதாதா என்று கேட்பவர்கள், நம் விசுவநாதன் ஆனந்தை நினைத்துப் பார்க்கட்டும். 1995-ல் அதே நியூயார்க்கில் அதே காஸ்பரோவுடன் உலகப் பட்டத்துக்காக அவர் ஆடினார். முதல் எட்டு ஆட்டங்களும் சமன். ஒன்பதாவதில் ஆனந்த் ஜயித்தார். ஆறோடு பந்தயம் முடிந்திருந்தால் இருவரும் சரிசமானம் என்றிருப்போம். ஒன்பதோடு முடிந்திருந்தால் ஆனந்தே மேல் என்று மார் தட்டியிருப்போம். பதினெட்டு ஆட்டங்கள் ஆனபோதோ, காஸ்பரோவ் 10½-7½ என்று பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஒன்பதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்று நமக்கு இன்றும் ஆசைதான்!

யந்திரத்தின் இரண்டு வெற்றிகளையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். இரண்டாவது ஆட்டத்தில், 45-ஆவது நகர்த்தலோடு காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். இடைவிடாமல் 'செக்' கொடுத்து அந்த ஆட்டத்தைச் சமன் செய்ய வழி இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது. வழி இருக்கிறதென்று மேதைக்கும் தோன்றவில்லை. வழி விட்டுவிட்டோமென்று யந்திரமும் அறியவில்லை. அந்த ஆட்டம் ஒன்று மட்டும் சமனாகியிருந்தால் மொத்தக் கணக்கு 3-3!

கடைசி ஆட்டம் இன்னும் விசித்திரம். ஏழாவது நகர்த்தலில் காஸ்பரோவ் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். யந்திரம் உடனே குதிரையைப் பலி கொடுத்து அவருடைய கோட்டையைப் பிளந்தது. 19 நகர்த்தல்களில் ஆட்டம் தீர்ந்தது. ஆனால் அந்தப் பலி, யந்திரம் கணக்கிட்டுக் கண்டுபிடித்ததன்று. ஆட்டத் தொடக்கங்களுக்கென்று நிபுணர்கள் அதில் ஏற்றிவைத்திருந்த ஏட்டிலிருந்து வந்தது. இந்த வெற்றியில் யந்திரத்தின் பங்கு எவ்வளவு, ஏட்டைத் தயாரித்தவர்களின் பங்கு எவ்வளவு?

காஸ்பரோவின் ஆட்டங்களையெல்லாம் யந்திரத்தை அமைத்தவர்கள் வரிக்கு வரி படித்திருந்தார்கள். புதிய யந்திரத்தின் பழைய ஆட்டம் ஒன்றுகூட காஸ்பரோவ் கண்ணில் படவில்லை. ஓர் ஆட்டத்துக்கும் மறு ஆட்டத்துக்கும் இடையே யந்திரத்தைத் திருத்தவும் விதிகள் இடம் கொடுத்தன. ஆகவே முதல் நாள் ஆடியதும் கடைசி நாள் ஆடியதும் ஒரே யந்திரந்தானா என்பதே கேள்வி. காஸ்பரோவும் தம் சுபாவப்படி ஆடவில்லை. யந்திரத்தைக் குழப்புவதற்காக, மூன்றாவது ஆட்டத்தை மந்திரியின் முன்னிருந்த சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தித் தொடங்கினார். உலகப் பட்டம் பெற்றவர் துவக்கக்கூடிய விதமா அது?

டீப் ப்ளூ பலவீனமானது என்று சொல்ல வரவில்லை. ஒருவேளை கணக்கு காட்டியதைவிட அதிக பலசாலியாகவே அது இருந்திருக்கலாம். அதைத்தான் ஆறு ஆட்டத்தில் அறிய முடியாது என்கிறோம். பிற்காலத்தில் 'ஆல்பாஸீரோ' என்ற யந்திரத்தைச் சோதித்தபோது, 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் மற்றொரு யந்திரத்துடன் ஆயிரம் ஆட்டங்கள் ஆடவிட்டார்கள். 155 வெற்றி, 6 தோல்வி, மற்றவை சமன் என்று 2018-ல் வெளியிட்டார்கள். அங்கே ஓர் ஆட்டத்தின் தவறு கணக்கைக் கவிழ்த்துவிடாது.

மறுபடியும் ஆட வேண்டும் என்று காஸ்பரோவ் கேட்டார். கம்பெனியார் இணங்கவில்லை. பகிரங்கமாக வேறு ஒருவருடனும் ஆடாமலே டீப் ப்ளூ ஓய்வு பெற்றது. அதன் இரண்டு கறுப்பு அலமாரிகளில் ஒன்று வாஷிங்டனிலும் மற்றொன்று கலிபோர்னியாவிலும் பொருட்காட்சி சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.